மாப்பிள்ளை வண்டிக்கு ஊற்றிய எண்ணெய்

ப்ரிக்பீல்ட்ஸ்,
6 ஜனவரி 1985

தம்பி குலசேகரத்திற்கு,

போதுமான காலம் வாய் திறக்காமல் இருந்துவிட்டேன். இனி முடியாது. நீயும் குணேஸ்வரியும் பிள்ளைகளும் சுகம் என்றே நினைக்கிறேன். சுகமில்லாவிட்டால் யாராவது வந்து சொல்லியிருப்பார்கள். நல்ல செய்திதான் என் மாடிப்படி ஏறுவதில்லை. என் முழங்கால் முன்பு போலவே.

சென்ற வெள்ளிக்கிழமை ஸ்காட் ரோட்டில் கந்தசாமி கோயிலுக்கு எதிரே அப்பாவின் எம்.ஜி. கார் நின்றது. அப்பா போய் மூன்று வருடமாகியும் அதை அப்பாவின் எம்.ஜி. என்றுதான் சொல்லுகிறேன். உச்சி வெயில். துணிக் கூரையை மடித்துவிட்டு, தோல் இருக்கைகளை மூடாமல் போட்டுவிட்டுப் போயிருந்தாய். கம்பிச் சக்கரங்களில் காப்பார் ரோட்டுச் சேறு காய்ந்து வெடித்திருந்தது. அந்தக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தவன் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவோடு வண்டிக்கடியில் படுத்துக் கிடந்தவனும் நான். அப்போது நீ லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்தாய். நான் சின்ன வயதிலேயே வாத்தியாராக வகுப்பறைக்குள் போனதால்தான் நீ கப்பல் ஏற முடிந்தது என்பதை வீட்டில் யாரும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

கடைசியில் அப்பா சாவியை உன் கையில் கொடுத்தார். கிள்ளானில் உனக்குக் கார் ஷெட் இருக்கிறதாம்; மூத்தவன் இருப்பது மாடி வீட்டிலாம், நிறுத்த இடமில்லையாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை. வாங்கிக்கொண்டாய்.

அதைக்கூட விடு. கோயிலிலிருந்து என் வீடு எவ்வளவு தூரம் என்று உனக்குத் தெரியும். எதிர்க்கடையில் குடையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீ வந்தாய், வண்டியில் ஏறினாய், போய்விட்டாய்.

இதற்குப் பதில் தேவையில்லை.

சண்முகரத்தினம்


கிள்ளான்,
27 ஜனவரி 1985

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் சுகம். உங்கள் முழங்காலுக்கு அந்தச் சீன மருந்தைத் தடவுகிறீர்களா என்று குணேஸ்வரி கேட்கிறாள். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, "கோபத்திலயும் அண்ணருக்கு ஒரு எழுத்துப் பிழை வரேல்லை" என்றாள். போனில் என் குரல் கேட்டவுடன் வைத்துவிடுகிறீர்கள். ஆகவே நானும் எழுதுகிறேன். குடும்பத்துக்குள் கடிதம் தமிழில்தான் என்று அப்பா போட்ட சட்டத்தை இன்னும் மீறவில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு உங்கள் படி ஏறாதது என் பிழை. சமாதானம் சொல்லவில்லை, காரணம் மட்டும் சொல்லுகிறேன். சிவமலருக்குக் கல்யாணம் பேசி முடித்திருக்கிறோம். செமினியில் இருக்கும் கந்தையாவின் மகன் யோகராசா, நில அளவை இலாகாவில் வேலை. அன்று கோயிலில் அவர்களும் கூட இருந்தார்கள். கல்யாணமும் அந்தக் கோயிலில்தான், மே மாதம் 26ஆம் தேதி.

மலருக்கு ஓர் ஆசை. மாப்பிள்ளை அப்பப்பாவின் காரில் வரவேண்டுமாம். பெண்ணின் தம்பி போய் மாப்பிள்ளையை அழைத்து வருவது முறை என்பதால் முகுந்தன்தான் போக வேண்டும். "ரெண்டே சீட். மாமியார்கூட ஏற முடியாது, அக்காவுக்கு நல்லதுதான்" என்று சிரிக்கிறான். ஆனால் அண்ணா, நீங்கள் ஓட்டிவந்தால் எனக்கு அதைவிட வேறொன்றும் வேண்டாம். முகுந்தன் பின்னால் வேறு காரில் வரட்டும்.

இன்னொரு விஷயம். இங்கே ஸ்டானிஸ்லாஸ் என்று ஒரு மெக்கானிக், ரயில்வே குடும்பத்துப் பிள்ளை. கல்யாணத்துக்கு முன் எண்ணெய் மாற்ற வேண்டும் என்கிறார். அவருடைய அலமாரித் தட்டில் மூன்று விதம் இருக்கிறது: லோரிக்கு ஊற்றும் கெட்டியானது, இருபது-ஐம்பது என்று ஒன்று, ஜப்பான் கார்களுக்கு வந்திருக்கும் இளகலானது. "லாயர் சார், உங்க அப்பா இதுல எதை ஊத்தினார்? முதல்ல அது தெரியணும் லா" என்றார். எனக்கு நல்லெண்ணெய்க்கும் இதற்குமே வித்தியாசம் தெரியாது. அப்பாவோடு வண்டிக்கடியில் படுத்தவர் நீங்கள்தானே. ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் அன்புத் தம்பி,
குலசேகரம்


ப்ரிக்பீல்ட்ஸ்,
17 மார்ச் 1985

தம்பி குலசேகரத்திற்கு,

உன் கடிதம் கிடைத்து நாளாயிற்று. பள்ளியில் வேலை அதிகம். தலைமையாசிரியர் நாற்காலியில் என்னிடம் படித்தவன் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். அவன் மறந்ததையெல்லாம் நான் செய்ய வேண்டியிருக்கிறது. சர்க்கரை சற்று ஏறியிருக்கிறது. மற்றபடி சுகம். உங்கள் எல்லோருடைய சுகமும் அப்படியே நீடிக்கட்டும். மலருக்கு என் ஆசிகள். கல்யாணத்துக்கு வருவேன்.

என்னை ஓட்டச் சொன்னாய். சாரதி வேலை கேட்டு நான் விண்ணப்பம் போடவில்லை. முறைப்படி முகுந்தனே போகட்டும்.

எண்ணெய் பற்றி. ஜப்பான் கார்களுக்கான இளகலான எண்ணெய் இதற்கு ஆகாது. அந்த இஞ்சின்களில் உறுப்புகள் நெருக்கமாகப் பொருந்தியிருக்கும். இது போன்ற பழைய ஆங்கில இஞ்சினில் இடைவெளி அதிகம். இளகல் எண்ணெய் நம் ஊர் வெயிலில் தண்ணீராகிவிடும், உலோகத்தோடு உலோகம் உரசும். லோரி எண்ணெயோ எப்போதும் ஒரே கெட்டியாக இருப்பது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மேலே ஏறத் தாமதிக்கும். இருபது-ஐம்பது என்பது குளிரில் மெல்லியதாக ஓடி, சூட்டிலும் தன் கனத்தை இழக்காதது. தயாரித்தவர்களின் கையேட்டில் இந்த வண்டிக்கு அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். கியர்பெட்டிக்கும் இதே எண்ணெய்தான். மெக்கானிக்குகள் பழக்கதோஷத்தில் அங்கே தடித்த கியர் எண்ணெயை ஊற்றிவிடுவார்கள். பக்கத்தில் நின்று பார்த்துக்கொள். விளம்பரங்களில் வரும் கலவை மருந்து எதையும் சேர்க்க விடாதே.

அப்பா எதை ஊற்றினார் என்று கேட்டிருந்தாய். அப்பாவின் காலம் வேறு. கையேடு சொல்வதைச் செய்.

சண்முகரத்தினம்


கிள்ளான்,
2 ஏப்ரல் 1985

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். நாங்கள் சுகம். சர்க்கரைக்கு யாரைப் பார்க்கிறீர்கள்? மத்தியானச் சாப்பாடு இன்னும் அந்தச் சாப்பாட்டுக் கடையில்தானா?

உங்கள் கடிதம் எவ்வளவு உதவி என்று சொல்ல முடியாது. ஸ்டானிஸ்லாஸுக்கு வாசித்துக் காட்டினேன். "வாத்தியார்னா வாத்தியார்தான். கியர்பெட்டி சமாசாரம் இங்க பாதி பேருக்குத் தெரியாது சார்" என்றார். எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அவருக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. பழைய எண்ணெயை வடித்தபோது எதிர்பார்த்த அளவு வரவில்லையாம். "மீதி எங்க போச்சு? அடியில இருக்கிற தொட்டியைக் கழட்டிப் பார்த்துடலாமா? அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க சார்" என்கிறார். கழற்றினால், மறுபடி பொருத்தும்போது எண்ணெய் கசியாமல் இருக்கப் புதுக் கார்க் பட்டி சிங்கப்பூரிலிருந்து வரவேண்டும். கல்யாணத்துக்கு முன் வந்துவிடும் என்கிறார். நீங்கள் இதைப் பற்றி எதுவும் எழுதவில்லையே, தேவையென்றால் அண்ணா எழுதியிருப்பார் என்று சொல்லிவிட்டேன். இருந்தாலும் அவர் மனம் ஆறவில்லை. கழற்ற வேண்டும் என்றால் ஓர் அட்டை போடுங்கள். சித்திரை பிறக்கும்வரை பார்ப்பேன். அட்டை வராவிட்டால் வேண்டியதில்லை என்று எடுத்துக்கொண்டு இருபது-ஐம்பதை ஊற்றச் சொல்லிவிடுகிறேன்.

அழைப்பிதழை நேரில் கொண்டுவந்தால் கதவைத் திறப்பீர்களா என்று தெரியவில்லை. தபாலில் அனுப்புகிறேன், கோபிக்க வேண்டாம்.

உங்கள் அன்புத் தம்பி,
குலசேகரம்


கிள்ளான்,
9 ஜூன் 1985

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் சுகமாக வீடு போய்ச் சேர்ந்தீர்களா? பந்தியில் உட்காராமலே போய்விட்டீர்கள் என்று குணேஸ்வரி வருத்தப்பட்டாள். தாலி கட்டி முடித்ததும் உங்களைத் தேடினேன், கூட்டத்தில் காணவில்லை. மாப்பிள்ளை ஏன் அவ்வளவு தாமதமாக வந்தார், ஏன் அந்தக் கோலத்தில் வந்தார் என்று உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

முகுந்தன் காலையில் செமினிக்குப் போய், ஆரத்தி முடிந்ததும் யோகராசாவை ஏற்றிக்கொண்டு புறப்பட்டான். அவர்கள் வீட்டு ஆட்கள் முன்பே பஸ்ஸில் கிளம்பிவிட்டார்கள். காஜாங் வரை வண்டி நன்றாக ஓடியதாம். மாப்பிள்ளைகூட, "இதை எனக்கே சீதனமா எழுதச் சொல்லியிருக்கலாம்" என்று பகிடி விட்டிருக்கிறார். சிராஸ் ஒன்பதாம் மைல் வரும்போது உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் சத்தம். பிறகு ஒரே இழுப்பு. நின்றுவிட்டது. தள்ளினாலும் இஞ்சின் அசையவில்லை.

பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக மாப்பிள்ளை வெயிலில், சாலை ஓரத்தில். கார்கள் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போயின. கடைசியில் ஒரு காய்கறி லோரி நின்றது. சீன டிரைவர் மலாய் மொழியில், "கல்யாணமா? ஏறு, ஏறு" என்று அதட்டி ஏற்றியிருக்கிறார். முன்னால் அவருடைய மனைவியும் குழந்தையும் இருந்ததால் இவர்கள் இருவரும் பின்னால், முட்டைக்கோஸ் கூடைகளுக்கு நடுவே. போட்டோவைப் பெரிதாக்கினால் தலைப்பாகையில் ஓர் இலை தெரிகிறது. முகூர்த்தம் தப்பவில்லை. ஐயர் மந்திரத்தை ஓட்டமாக ஓட்டினார்.

இதையெல்லாம் நாளைக்குச் சிரித்துச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் பந்தியில், எல்லோர் காதிலும் விழும்படி, மாப்பிள்ளையின் தாயார் புனிதவதி சொன்னார்: "பொண்ணு வீட்டுக்குள்ள கால் வைக்கிறதுக்கு முன்னாலேயே வண்டி படுத்துட்டுது. இன்னும் என்னென்ன படுக்கப் போகுதோ." எல்லோரும் சோற்றைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். மலர் எனக்கு எதிரே நின்றாள். அவளுக்கும் கேட்டது.

வண்டியை இழுத்துவந்து ஸ்டானிஸ்லாஸின் வர்க்‌ஷாப்பில் தார்ப்பாய் போட்டு வைத்திருக்கிறோம். திறந்து பார்க்க வேண்டும்.

உங்கள் அன்புத் தம்பி,
குலசேகரம்


ப்ரிக்பீல்ட்ஸ்,
30 ஜூன் 1985

அன்புள்ள தம்பி குலசேகரத்திற்கு,

நீயும் குணேஸ்வரியும் முகுந்தனும் நல்ல சுகத்துடன் இருக்க வேண்டும். நான் சுகம். அன்று சர்க்கரை காரணமாகத்தான் சாப்பிடாமல் வந்தேன். வேறு எதுவும் நினைக்க வேண்டாம். மலர் அழகாக இருந்தாள். நம் அம்மாவின் நெற்றி அவளுக்கு.

நடந்ததற்கு மிகவும் வருந்துகிறேன். இருபது வருடத்துக்கும் மேல் பழைய இஞ்சின். என்றைக்காவது நிற்கும். காரணம் தேடுவதில் பயன் இல்லை. திறந்து பார்க்கிறேன் என்று வீண்செலவு செய்யாதே, தார்ப்பாயோடு இருக்கட்டும். பெண்கள் பந்தியில் பேசுவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஒரு பேரப்பிள்ளை வந்தால் எல்லாம் மறந்துபோகும்.

இந்தப் பக்கம் வரும்போது நீ மேலே வரலாம். கதவு திறந்திருக்கும்.

உன் அன்பு அண்ணன்,
சண்முகரத்தினம்


செமினி,
18 ஆகஸ்ட் 1985

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

மலர் எழுதுகிறேன். நான் சுகம், இவரும் சுகம். உங்கள் காலுக்கும் சர்க்கரைக்கும் எப்படி இருக்கிறது? நீங்கள் தந்த அகராதியை இங்கே கொண்டுவந்திருக்கிறேன். இவர் அதை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுக்கிறார், உயரம் சரியாக இருக்கிறதாம்.

வீடு பெரியது. பின்னால் ரம்புத்தான் மரங்கள். மாமி எனக்கு மீன் குழம்பு சொல்லிக்கொடுத்தார். என் கையால் வைத்தால் திரிந்துபோகும் என்று தேங்காய்ப்பால் மட்டும் அவரே விடுகிறார். போன கிழமை மாமாவின் கார் டயரில் ஆணி ஏறியது. எல்லோரும் டயரைப் பார்த்தார்கள், மாமி என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, பெரியப்பா. பிறகு வரவில்லை.

அடுத்த மாதம் இவருடைய தங்கையை, என் மச்சாளை, பெண் பார்க்க வருகிறார்கள். அன்றைக்கு நான் கிள்ளானுக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று மாமி சொல்லியிருக்கிறார். எனக்குச் சந்தோஷம்தான்.

உங்களிடம் ஓர் உதவி. மாமா படித்தவர்களை மிகவும் மதிப்பார். ஒருநாள் வண்டிப் பேச்சு வந்தபோது நான் துணிந்து, அது வெறும் மெஷின் பழுது என்றேன். மாமா கோபிக்கவில்லை. யோசித்துவிட்டு, "அப்படி நடக்கும்னு முன்னாலேயே ஒருத்தருக்குத் தெரிஞ்சிருந்தா அது மெஷின் சமாசாரம். யாருக்குமே தெரியாம, அதே நாள் பார்த்து நடந்தா அது வேற. யாராவது தெரியும்னு சொல்லட்டும், நான் உங்க மாமி வாயை மூடுறேன்" என்றார். நீங்கள் பௌதிகம் சொல்லிக்கொடுக்கிறவர். அந்த இஞ்சினை உங்களைப் போல் அறிந்தவர் யாரும் இல்லை என்று அப்பா எப்போதும் சொல்வார். இது இப்படி நடக்கக்கூடியதுதான் என்று மாமாவுக்கு நாலு வரி எழுதுங்கள், பெரியப்பா. எனக்காக.

அன்பு மகள்,
சிவமலர்


ப்ரிக்பீல்ட்ஸ்,
29 செப்டம்பர் 1985

அன்புள்ள மகள் சிவமலருக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதாததற்குப் பொறுத்துக்கொள். சோதனைத் தாள்கள் குவிந்துவிட்டன. நீயும் மருமகனும் நலமாக இருக்க வேண்டும். அகராதி தலையணையானதில் எனக்கு வருத்தமில்லை. பள்ளியில் அதற்கு அந்த மரியாதையும் கிடைப்பதில்லை.

உன் மாமாவுக்கு நான் எழுதினால், பெண் வீட்டார் வாதாட வருகிறார்கள் என்று நினைப்பார்கள். உனக்குத்தான் கஷ்டம். எண்ணெய், உராய்வு, சூடு என்று எழுதி ஒரு தாயின் மனத்தை மாற்ற முடியுமா என்று தெரியவில்லை. கொஞ்ச நாள் பொறுமையாக இரு.

நன்றாகச் சாப்பிடு. மழைக்காலம், தலையை ஈரத்தோடு முடியாதே.

ஆசிகளுடன்,
பெரியப்பா


கிள்ளான்,
20 அக்டோபர் 1985

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். உங்கள் சுகத்தை எழுதுங்கள். நாங்கள் சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

மலர் இங்கேதான் இருக்கிறாள். பெண் பார்க்க வந்தவர்கள் அந்தப் பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். மறுநாளே புனிதவதியிடமிருந்து செய்தி வந்தது: மலர் தைப் பொங்கல் கழியும்வரை தாய் வீட்டில் இருக்கட்டும் என்று. தைக்குப் பிறகு என்ன என்று சொல்லவில்லை. யோகராசா ஒரு தடவை வந்தான். நாற்காலி நுனியில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்தான். "அம்மா கொஞ்சம் ஆறட்டும், மாமா" என்றான். கெட்டவன் இல்லை. ஆனால் பெட்டியைத் தூக்கவில்லை. மலர் அதைக் கட்டித் தயாராகத்தான் வைத்திருந்தாள்.

திறக்க வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். மலருக்காகத் திறக்கச் சொன்னேன். அடித்தொட்டியில் பாதிக்குமேல் தார்போல் ஒரு பிசின். எண்ணெயை உறிஞ்சி மேலே அனுப்பும் இடத்துச் சல்லடை முழுவதும் அடைத்துப்போயிருந்தது. ஸ்டானிஸ்லாஸ் சொன்னார்: "பல வருஷம் வடிக்காம மேல மேல ஊத்தியிருக்காங்க சார். லோரி எண்ணெய்லயே ஓடியிருந்தா அந்த அழுக்கு இருந்த இடத்துல கிடந்திருக்கும். இருபது-ஐம்பதுல கழுவுற மருந்து இருக்கு லா. அது கழுவிடுச்சு, கழுவினது போய் வாயை அடைச்சுடுச்சு. தொட்டியைச் சுத்தம் பண்ணிட்டு ஊத்தியிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணனுக்கு இது தெரிஞ்சிருக்காது சார். தெரிஞ்சா சொல்லியிருப்பார்" என்றார்.

அதுதான் உண்மை. அப்பா உங்களிடமிருந்தும் மறைத்திருக்கிறார். நீங்கள் கையேட்டில் உள்ளதைச் சரியாகச் சொன்னீர்கள். ஸ்டானிஸ்லாஸ் கேட்டபோதே கழற்றச் சொல்லாதது என் தவறு. இதையெல்லாம் கந்தையாவிடம் போய்ச் சொன்னேன். "நீங்க லாயர், உங்களுக்குப் பேச வரும்" என்றார். அத்தோடு முடிந்தது.

உங்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அண்ணா. ஒரு தடவை வாருங்கள். மலர் கேட்கிறாள்.

உங்கள் அன்புத் தம்பி,
குலசேகரம்


3 நவம்பர் 1985

மதிப்பிற்குரிய திரு. கந்தையா அவர்களுக்கு,

நீங்களும் தங்கள் மனைவியாரும் மக்களும் நலமாக இருக்க வேண்டும். தங்கள் மகளுக்கு நல்ல இடம் விரைவில் அமையட்டும்.

மாப்பிள்ளை வந்த வண்டி கெட்டுப்போகும் என்று முன்பே ஒருவருக்குத் தெரிந்திருந்தால் அது சகுனம் அல்ல என்று தாங்கள் சொன்னதாக அறிகிறேன். ஒருவருக்குத் தெரியும். தங்கள் மருமகளின் பெரியப்பா, ப்ரிக்பீல்ட்ஸில் இருக்கும் சண்முகரத்தினம்.

அவருடைய தகப்பனார் எண்ணெயை வடிப்பது வீண் என்று நினைத்தவர். குறைந்தால் லோரி எண்ணெயை மேலே ஊற்றுவார். ஒருமுறை மகன் வடிகால் துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். வந்தது எண்ணெய் அல்ல, பசை. தகப்பனாரிடம் சொன்னார். "ஓடுற வண்டியைக் கிண்டாதே" என்று பதில் வந்தது. பழைய எண்ணெயோடு அப்படியே விட்டால் இன்னும் சில காலம் ஓடும், கழுவும் தன்மையுள்ள புது எண்ணெயை மாற்றினால் அந்தப் பசை கரைந்து இஞ்சினின் தொண்டையை அடைக்கும் என்று அன்றே அவருக்குத் தெரியும். வருடக்கணக்காகப் பௌதிகம் சொல்லிக்கொடுப்பவர், தெரியாமல் இருக்க முடியாது.

எந்த எண்ணெய் ஊற்றலாம் என்று தம்பி எழுதிக் கேட்டபோது, அவர் ஒரு பக்கம் நிறையப் பதில் எழுதினார். அதில் ஒரு பொய் கிடையாது. கியர்பெட்டியைப் பற்றிக்கூட எழுதினார். தொட்டியைக் கழுவு என்ற ஒன்றை எழுதவில்லை. மெக்கானிக்குக்குச் சந்தேகம் வந்து, தம்பி மறுபடியும் கேட்டார். ஓர் அட்டை போதும் என்றார். தபாலாபீஸில் வாங்கிய அட்டை மேசையில் கிடந்தது. சித்திரை பிறந்தது. அவர் போடவில்லை.

ஏன் என்று கேட்பீர்கள். தகப்பனார் சாவியை இளையவர் கையில் கொடுத்தார் என்று ஒரு மனக்கசப்பு. தம்பி மாடிப்படி ஏறி வந்து எதிரே நின்று கேட்க வேண்டும், அப்போது சொல்லலாம் என்று இருந்தார். கல்யாண நாளில் நிற்கும் என்று நினைக்கவில்லை. என்றைக்கோ ஒரு ஞாயிற்றுக்கிழமை, தம்பி தனியாக ஓட்டும்போது நிற்கும், வெயிலில் கொஞ்சம் நிற்கட்டும் என்று நினைத்தார். அவரைக் காப்பாற்ற இதைச் சொல்லவில்லை. நிற்கும் என்பது தெரியும், நாள்தான் தெரியாது. தாங்கள் கேட்டது அதுதானே.

அன்று கோயிலில் மாப்பிள்ளையைக் காணாமல் எல்லோரும் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தார்கள். நாதஸ்வரக்காரர் வாசித்ததையே திரும்பத் திரும்ப வாசித்தார். காரணம் தெரிந்தவர் ஒருவர் தூணோரம் உட்கார்ந்து தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தப் பெண் அவருக்கு எழுதினாள். நாலு வரி கேட்டாள். பொறுமையாக இரு என்று பதில் எழுதினார். சோதனைத் தாள்கள் குவிந்துவிட்டன என்றும் எழுதினார். அது மட்டும் பொய். அவள் மேல் ஒரு தோஷமும் இல்லை. அந்த வீட்டில் ராசியில்லாத ஒருவர் உண்டென்றால் அவருடைய வயது ஐம்பத்துமூன்று.

நம் ஆட்களிடம் மொட்டைக் கடிதம் போடும் வழக்கம் உண்டு. கல்யாணம் பேசும்போது வரும், பெண்ணையோ பையனையோ குறை சொல்லும். தங்களுக்கும் வந்திருக்கலாம்; அடுப்பில் போட்டிருப்பீர்கள். இதைப் போட வேண்டாம். முதலில் தங்கள் மனைவியாருக்கு வாசித்துக் காட்டுங்கள். பிறகு சம்பந்தியிடம் காட்டுங்கள். எழுத்தைப் பார்த்ததும் யார் என்று அவர் சொல்லிவிடுவார். அதன்பின் அவர் ப்ரிக்பீல்ட்ஸ் பக்கம் வரமாட்டார். வரச்சொல்லி எழுதவும் மாட்டார். அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதுகிறேன். தை வரை காத்திருக்காமல் மருமகளை அழைத்துக்கொள்ளுங்கள். பெட்டி கட்டியபடி இருக்கிறதாம்.

யார் என்று தெரியப்போகிறதே, பின் ஏன் பெயர் இல்லை என்று தாங்கள் நினைக்கலாம். எழுதிப் பார்த்தேன். பெயருக்கு மேலே 'பெண்ணின் பெரியப்பா' என்று எழுத வேண்டியிருக்கிறது. அந்த உறவு இல்லாமல் உங்கள் வீட்டுக்கு எழுத எனக்கு என்ன உரிமை? மூன்றாம் ஆளாக நின்று மேலே எழுதிய 'பெரியப்பா' என்ற சொல்லை என் பெயரோடு சேர்த்து எழுதக் கை எழவில்லை. வெறும் பெயரை மட்டும் வைத்தால், மனம் திறந்து சொல்லிவிட்ட நேர்மையான மனிதர் என்று தாங்கள் ஒரு மதிப்பு வைப்பீர்கள். அதை வாங்கிக்கொள்ள நான் தயாராக இல்லை. ஆகவே அடியில் இருக்கும் இடத்தை அப்படியே வெறுமையாக விட்டு, உறையை ஒட்டி, கீழே இறங்கிப் போய்த் தபாலில் போடுகிறேன்.